புயலில் சாய்ந்த தோப்பையும் வீட்டையும் மீட்பது எப்படி?

தென்னங்கன்றை நம் மக்கள் தென்னம்பிள்ளை என்று அழைக்கிறார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் இது வெறும் பேச்சு வழக்கு அல்ல. அங்கே தோப்பின் நடுவில் வீடு இருக்கும். வீட்டைச் சுற்றித் தோப்பு இருக்கும். மகனின் படிப்புச் செலவும் மகளின் திருமணச் செலவும் தோப்பின் கணக்கில்தான் எழுதப்படும். நெல் பொய்த்தாலும் தென்னை கைவிடாது என்பது அப்பகுதி விவசாயிகளின் நம்பிக்கையாக இருந்தது.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில், சில மணி நேரத்தில், அந்த நம்பிக்கை சாய்ந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் வேரோடு சாய்ந்தன. பல மரங்கள் நடுவில் முறிந்தன. லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. மின்கம்பங்கள் விழுந்ததால் பல ஊர்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன. ஆழ்குழாய்க் கிணறு இருந்தும், நின்ற மரத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வழியில்லை.

புயல் நமக்குப் புதியதல்ல. 1952-ஆம் ஆண்டிலும் 1977-ஆம் ஆண்டிலும் இதே கடற்கரையைக் கடும் புயல்கள் தாக்கின. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கரை கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்தில் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. இனியும் புயல்கள் வரும். ஆகவே கஜாவில் இழந்தவர்கள் கற்ற பாடம், இனி இழக்கக் கூடாதவர்களுக்கும் உரியது.

நூறு மரத்தின் கணக்கு

பேராவூரணி வட்டாரத்தில் ஒன்றரை ஏக்கர் தோப்பும், அதன் நடுவே ஓட்டு வீடும் உள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். ஏக்கருக்கு 70 மரம் வீதம் ஏறத்தாழ 100 மரங்கள். மரத்துக்கு ஆண்டுக்கு 80 காய் என்றால் 8,000 காய். காய் ஒன்றுக்கு 10 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரவு.

கஜாவுக்குப் பின் தமிழக அரசு, வேரோடு சாய்ந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. நூறு மரமும் சாய்ந்த குடும்பத்துக்கு இது 1,10,000 ரூபாய். ஒன்றரை ஆண்டு வரவுக்கும் குறைவு. ஆனால் புதிதாக நடும் நெட்டை ரகத் தென்னை பாளை விடுவதற்கே ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகும். முழு விளைச்சலுக்கு மேலும் சில ஆண்டுகள் வேண்டும்.

இழப்பின் உண்மையான அளவு இந்த இடைவெளிதான். வீட்டை ஓராண்டில் எழுப்பிவிடலாம். தோப்பை எழுப்ப ஏழாண்டு வேண்டும். ஆகவே மீட்புப் பணி எந்த வரிசையில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தக் குடும்பம் நிலைக்கும்.

மரங்கள் ஏன் சாய்ந்தன?

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. சல்லி வேர்கள் அடிமரத்தைச் சுற்றிக் கொத்தாகப் பரவுகின்றன. மண் நன்கு நனைந்திருக்கும்போது வேரின் பிடிப்பு தளர்ந்துவிடும். மேலே முப்பது மட்டைகளும் குலை குலையாகக் காய்களும் கொண்ட கொண்டை, காற்றுக்குப் பாய்மரம் போல் நிற்கும். மேலே பாரம், கீழே இளகிய மண் என்னும் நிலையில் மரம் சாய்வது இயற்கையே. மேலாக நட்டு, நாளடைவில் அடிவேர்கள் மண்ணுக்கு மேல் தெரியும்படி விடப்பட்ட மரங்களுக்குப் பிடிப்பு மேலும் குறைவு. அதே ஊர்களின் வரப்புகளில் பனைகள் பெரும்பாலும் நின்றன என்பதையும் விவசாயிகள் கண்கூடாகக் கண்டார்கள்.

முதலில் தோப்பைச் சுத்தம் செய்க

விழுந்த மரத்தைப் பார்க்க மனம் பொறுக்காமல், தோப்புப் பக்கமே போகாமல் இருந்துவிட்ட குடும்பங்கள் உண்டு. அந்த மனநிலை இயல்பானது. ஆனால் மட்கும் தென்னை மரம் காண்டாமிருக வண்டுக்கு முட்டையிடும் இடம். இன்று அகற்றாத மரத்திலிருந்து வரும் வண்டு, நாளை நடும் கன்றின் குருத்தைத் துளைக்கும்.

மரங்களை ஜே.சி.பி. அல்லது பொக்லைன் கொண்டு அடிக்கட்டையோடு பெயர்த்து எடுக்க வேண்டும். அடிக்கட்டையை மண்ணிலேயே விட்டால், தஞ்சாவூர் வாடல் நோய் எனப்படும் அடித்தண்டழுகல் நோயின் பூஞ்சாணம் அதில் தங்கி வளர இடமுண்டு.

எல்லா மரத்தையும் செங்கல் காளவாய்க்கு விறகாக அனுப்பிவிட வேண்டாம். முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதியில், வெளிச்சுற்றில் உள்ள வைரம் பாய்ந்த பாகம் உறுதியானது. அதை அறுத்து, நிழலில் உலர்த்தி வைத்தால் வீட்டுக்கு வாரையும் கைமரமும் கிடைக்கும். உள்சோறு பயன்படாது. மட்டைகளைத் துண்டாக்கி மட்க வைத்தால், புதுக் கன்றுகளுக்கு எருவாகும்.

எருக்குழிகளில் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை இட்டால் வண்டின் புழுக்கள் நோயுற்று மடியும். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, சிறு மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் ஆங்காங்கே வைத்தால், வண்டுகள் கவரப்பட்டு அதில் விழும்.

நின்ற மரங்களைக் கைவிடாதீர்

கொண்டை திருகி, மட்டை ஒடிந்து நிற்கும் மரங்களை உடனே வெட்டக் கூடாது. தொங்கும் மட்டைகளை மட்டும் நீக்கி, குருத்து அழுகாமல் காக்க 1 சதவீத போர்டோ கலவையைக் கொண்டைப் பகுதியில் தெளிக்க வேண்டும். மயில்துத்தம் 1 கிலோவை 50 லிட்டர் தண்ணீரிலும், நீறாத சுண்ணாம்பு 1 கிலோவை மற்றொரு 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. சில மாதங்களில் புதுக் குருத்து வந்தால் மரம் பிழைத்தது என்று கொள்ளலாம். குருத்து வராத மரத்தையே அகற்ற வேண்டும்.

சாய்ந்த இளங்கன்றுகளை நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக்கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். நின்ற மரங்கள் தெளிவதற்கு உரம் அவசியம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட நெட்டை மரம் ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, மியூரியேட் ஆப் பொட்டாஷ் 2 கிலோ தேவை. இதை ஆனி–ஆடியில் ஒரு பாதியும் மார்கழி–தையில் ஒரு பாதியுமாக, மரத்திலிருந்து ஆறடி ஆரத்துக்குள் வட்டப்பாத்தியில் இட வேண்டும்.

ஏழாண்டு இடைவெளியைக் கடப்பது

நிவாரணப் பணம் முழுவதையும் வீட்டில் போட்டுவிட்டு, தோப்பை அப்படியே விடுவது பலர் செய்யும் தவறு. வெயில் தாராளமாக விழும் வெற்று நிலம் இப்போது கையில் இருக்கிறது. அடர்ந்த தோப்பில் இயலாத பயிர்களை இதில் செய்யலாம். நிலக்கடலை, உளுந்து, எள், மரவள்ளி, வெண்டை, கத்தரி ஆகியவை ஏற்றவை. நீர் வசதி இருந்தால் வாழையும் வைக்கலாம். நெல்லும் கரும்பும் இளந்தென்னைக்கு நடுவே வேண்டாம். உளுந்தும் எள்ளும் மூன்று மாதத்தில் கையில் பணம் தரும். மாடு வைத்திருப்போர் ஓரத்தில் தீவனப்புல் போட்டுக்கொண்டால், பால் பணம் வீட்டுச் செலவைத் தாங்கும்.

கன்றும் நடவும்

புயலுக்குப் பின் லாரியில் ஊர் ஊராக வரும் கன்றுகளை, தாய்மரம் தெரியாமல் வாங்குவது ஆபத்து. கன்று நன்றா, தீதா என்பது ஏழாண்டு கழித்தே தெரியும். அப்போது வருந்திப் பயனில்லை. பட்டுக்கோட்டைக்கு அருகே வேப்பங்குளத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் தென்னை ஆராய்ச்சி நிலையம், வேப்பங்குளம் 3 நெட்டை ரகத்தையும், நெட்டை–குட்டை ஒட்டு ரகங்களையும் வெளியிட்டுள்ளது. 9 முதல் 12 மாத வயதும், குறைந்தது ஆறு இலைகளும், கழுத்துப் பகுதியில் 10 சென்டிமீட்டர் சுற்றளவும் உள்ள கன்றே நல்ல கன்று.

கன்றுக்குக் கன்று 25 அடி இடைவெளி வேண்டும். மூன்றடி நீள, அகல, ஆழக் குழி எடுத்து, தொழு உரம், செம்மண், மணல் மூன்றையும் சம அளவில் கலந்து, இரண்டடி உயரத்துக்கு நிரப்பி, நடுவில் கன்றை நட வேண்டும். கன்றின் கழுத்துப்பகுதி மண்ணால் மூடப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கன்று வளர வளரக் குழியைச் சிறிது சிறிதாக நிரப்பிவர, வேர் ஆழத்தில் பிடிக்கும். காற்றுக்கு எதிரான முதல் காப்பு இதுதான். நடவுக்கு ஆனி–ஆடியும் மார்கழி–தையும் ஏற்ற பருவங்கள்.

மீண்டும் தென்னையை மட்டுமே நம்ப வேண்டாம். எல்லையில் பனையும், காற்று வரும் பக்கத்தில் சவுக்கும் வையுங்கள். ஒரு பகுதியில் நெட்டை, ஒரு பகுதியில் ஒட்டு ரகம் என்று பிரித்து நடலாம். ஒட்டு ரகங்கள் முன்னதாகவே காய்க்கத் தொடங்குவதால் காத்திருப்பும் குறையும்.

வீட்டை எழுப்பும்போது

தோப்பு போனபின் வீட்டுக்குள் வெயில் நேராக இறங்கியது. மின்விசிறி தேடாத வீடுகள் கொதித்தன. எனவே சுவரை ஒட்டியே மரம் வைக்கத் தோன்றும். ஆனால் கஜாவில் பல வீடுகளை நொறுக்கியது காற்று மட்டுமல்ல, வீட்டின் மேல் விழுந்த மரமும்தான். நெட்டை மரத்தை அதன் உயரத்துக்கு விலக்கி வைப்பதே முழுப் பாதுகாப்பு. இடமில்லாதவர்கள் வீட்டருகே சாவக்காடு ஆரஞ்சு போன்ற குட்டைத் தென்னை, எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றை வைக்கலாம்.

கூரை நாற்புறமும் சரிந்து இருந்தால் காற்று எளிதில் வழிந்துவிடும். இருபுறச் சரிவில் முக்கோணச் சுவர் காற்றை நேராக வாங்கும். கைமரம் சுவரின் மேல் சும்மா அமர்ந்திருக்கக் கூடாது. கைமரத்தை உத்தரத்தோடும், உத்தரத்தைத் தூணோடும் இரும்புப் பட்டை, போல்ட் கொண்டு பிணைக்க வேண்டும். இறவாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீள வேண்டாம். திண்ணைக் கூரையைத் தனியாகப் போட்டால், அது பறந்தாலும் வீட்டுக் கூரை நிற்கும். மூலையை ஒட்டி வாசலோ சன்னலோ வைக்கக் கூடாது.

அடுத்த புயலுக்கு முன்

புயல் எச்சரிக்கை வந்தவுடன் முற்றிய காய்களையும் இளநீரையும் இறக்கி, அடிமட்டைகளைக் கழித்துக் கொண்டையின் பாரத்தைக் குறையுங்கள். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். புயலின் மையம் கடக்கும்போது காற்று ஓய்ந்ததுபோல் தோன்றி, பிறகு எதிர்த்திசையில் வீசும். அந்த இடைவேளையில் வெளியே வரக் கூடாது. அடங்கலில் மரங்களின் எண்ணிக்கை சரியாகப் பதிவாகி உள்ளதா என்று ஆண்டுதோறும் பாருங்கள். தென்னைக்குக் காப்பீடு பற்றி வட்டார வேளாண்மை, தோட்டக்கலை அலுவலகங்களில் கேட்டறியுங்கள்.

ஐம்பத்தைந்து வயதில் தென்னம்பிள்ளை நட்டு என்ன பயன் என்று கேட்டவர்கள் அன்று பலர். நியாயமான கேள்விதான். அன்று மனம் தளர்ந்து நிலத்தைத் தரிசாக விட்டவர்களின் தோப்பு இன்றும் தரிசாகவே இருக்கும். 2019-இல் கன்று நட்டு, ஊடே உளுந்தும் கடலையும் விதைத்துக் காத்திருந்தவர்களின் மரங்களுக்கோ இப்போது பாளை விடும் வயது. 1952 புயலுக்குப் பின் நட்டவர்களும், தங்கள் வயதைக் கணக்குப் பார்த்திருந்தால் கஜாவில் சாய்வதற்கே தோப்பு இருந்திராது. நிலம் வைத்திருப்போர் தம் வயதை மட்டும் பார்க்காமல், வீட்டின் வயதையும் பார்த்து நட வேண்டும். நடும்போது ஆழமாக நடுங்கள். பல வகையாக நடுங்கள்.