வியாழக்கிழமை ரயில்

கிளப்புக்குப் போகிறார் என்றால் நம் வீடுகளில் அடுத்த கேள்வி, "சீட்டாடவா?" என்பதுதான். என் தங்கையின் கணவர் போகிற கிளப்பில் சீட்டும் கிடையாது, வேறு வம்பும் கிடையாது. பொம்மை ரயில் விடுகிறார்கள்! அதுவும் தலை நரைத்த ஆண்பிள்ளைகள்.

2018 பிப்ரவரியில் தங்கையின் பிரசவத்துக்காக இங்கிலாந்து போயிருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி ஆனால் மாப்பிள்ளை ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். "பாரு அக்கா, நிறைமாசக்காரியை விட்டுட்டு விளையாடப் போறார்" என்று தங்கைக்கு ஒரே எரிச்சல். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அங்கே அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிடுவோமே என்று ஒரு வாரம் நானும் கூடவே கிளம்பினேன்.

மாதா கோவிலை ஒட்டிய ஒரு கூடம். நடுவில் நாலு நாலு அடிப் பலகைகளைச் சேர்த்து முடுக்கி, அதன்மேல் ஒரு ஊரையே கட்டியிருந்தார்கள். நவராத்திரிக்கு நாம் கொலுவில் பார்க் வைப்போமே, கண்ணாடியில் குளமும் கேழ்வரகு முளையில் புல்லுமாக? அதே ஆசைதான். நாம் பத்தாம் நாள் எடுத்து வைத்து விடுகிறோம், அவர்கள் பத்து வருஷம் கட்டுகிறார்கள்! நிஜத்தில் 76 அடி இருப்பது இங்கே ஒரே அடி. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஆள் பொம்மை நம் சுண்டுவிரல் பாதி கூட இல்லை.

எனக்கு அதிசயமாக இருந்தது அவர்களுடைய கைவேலைதான். முறுக்கிய கம்பியில் மரம். ஸ்பாஞ்சைப் பழைய மிக்ஸியில் அரைத்துப் பச்சைச் சாயம் ஏற்றினால் இலை. டீ போட்ட தூளைக் காய வைத்தால் மண் தரை! தண்டவாளத்தடியில் சின்னச் சின்ன ஜல்லி தூவி, பசையைத் தண்ணீராய்க் கரைத்துச் சொட்டு மருந்து மாதிரி விடுகிறார்கள். அதில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு துளி சேர்த்தால்தான் பசை ஜல்லியின் மேலேயே உருண்டு நிற்காமல் உள்ளே இறங்குமாம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எழுபது வயதுப் பெரியவர்.

அது அவர்கள் ஊர் ஸ்டேஷனேதான். 1963-ல் பிரிட்டிஷ் ரயில்வே போர்டின் தலைவராக இருந்த டாக்டர் பீச்சிங், நஷ்டக் கணக்குக் காட்டி 2,300-க்கும் மேற்பட்ட நிலையங்களை மூடச் சொல்லி அறிக்கை கொடுத்தார். அதில் போனது இந்த ஸ்டேஷனும். பெரியவருடைய அப்பா அங்கே சிக்னல்காரராக இருந்தாராம். "கதவு பச்சை நிறமில்லை, பழுப்பு" என்று இவர் சொல்ல, இன்னொருவர் மறுக்க, ஒரு கதவுக்கு முக்கால் மணி நேரம் சண்டை! பிறகு இருவரும் ஒரே தட்டில் பிஸ்கட் சாப்பிட்டார்கள். பிளாட்பாரத்தில் நீலக் கோட்டுடன் ஒரு பெண் பொம்மை நிற்கிறது. அது அந்தப் பெரியவரின் காலமான மனைவி. ரயில் கிளம்பும் முன் யாராவது, "அம்மா ஏறியாச்சா?" என்று கேட்பது அங்கே வழக்கமாம்.

இப்படிக் கூடுவது அந்த நாட்டில் புதிசில்லை. லண்டனில் 1910-ல் ஆரம்பித்த மாதிரி ரயில் கிளப் ஒன்று இன்னும் நடக்கிறது.

அடுத்த வாரமே அங்கே பெரிய பனி கொட்டியது. நடு ராத்திரி தங்கைக்கு வலி எடுத்தது. காரைக் கிளப்ப முடியவில்லை, டாக்ஸியும் வர மாட்டேன் என்றது. மாப்பிள்ளை போன் செய்தது பழுப்புக் கதவுக்காரருக்குத்தான். பைஜாமாவின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். விடிந்ததும் பையன் பிறந்தான். அதன் பிறகு தங்கை வியாழக்கிழமை பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

நான் ஊர் திரும்பிய மறு வருஷம், 2019 மே 18. ஸ்டாம்ஃபோர்டு என்ற ஊரில் மார்க்கெட் டீப்பிங் மாதிரி ரயில் கிளப்பின் கண்காட்சி. ஒரு பள்ளிக்கூடத்தில் முதல் நாளே எல்லாம் அடுக்கியாயிற்று. ராத்திரி நாலு பையன்கள் புகுந்து, பல வருஷ உழைப்பை மிதித்து நொறுக்கிவிட்டார்கள். பொழுது விடிந்து வந்து பார்த்தவர்களின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும்! கிளப்பார் 500 பவுண்டு சேர்ந்தால் போதும் என்று கேட்டார்கள். சில நாளில் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது. பாடகர் ராட் ஸ்டூவர்ட் மட்டும் 10,000 பவுண்டு கொடுத்தார். கச்சேரிக்குப் போகிற ஊர்களிலும் ஹோட்டலில் தனி அறை எடுத்து, மாதிரிக் கட்டடம் செய்கிற பைத்தியமாம் அவருக்கு.

செய்தி வந்த அன்று மாப்பிள்ளை சாப்பிடவில்லை என்று தங்கை போனில் சொன்னாள். "நமக்குத் தெரியாதவங்கதான் அக்கா. ஆனா நம்ம பெரியவர் பொம்மைக்கு இப்படி ஆகியிருந்தா?" குழந்தையின் முதல் பிறந்த நாளுக்கு வந்து, அவள் தனியே எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து அனுப்பியிருக்கிறாள். அவரிடம் கேட்கக்கூட இல்லை.

அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வியாழக்கிழமை டப்பாவைத் தூக்குவது அவன்தான். கூடவே எட்டுப் பேருக்கு எலுமிச்சை சாதமும் போகிறதாம், பெரியவருக்கு மட்டும் மிளகாய் இல்லாமல் தனிக் கிண்ணத்தில்.