“எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு...” நோயாளிக்கு இன்னொரு நோயாளி ஏன் தேவை? ‘பியர் சப்போர்ட்’ என்றால் என்ன?

டாக்டர் சொன்னார். நர்ஸ் சொன்னார். வீட்டில் நாங்கள் எல்லோரும் சொன்னோம். “ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணிதான் குடிக்கணும்” என்று. எங்கள் பெரியம்மா யார் பேச்சையும் கேட்கவில்லை.

சிறுநீரகம் செயலிழந்ததால் அவருக்கு வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். நடுவில் குடிக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும். அளவு மீறினால் மூச்சுத் திணறல் வரை போகும். ஒரு முறை போனது. அப்போதும் கேட்கவில்லை.

கேட்க வைத்தது பக்கத்து படுக்கை அக்கா. “சொம்பை எடுத்து உள்ள வைங்கம்மா. சின்ன டம்ளர்ல குடிங்க. தாகம் தாங்கலைன்னா ஒரு ஐஸ்கட்டியை வாயில போட்டுக்கோங்க. நானும் முதல் வருஷம் வீட்டுக்குத் தெரியாம குடிச்சவதான்.”

அந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது. இதற்குப் பெயர்தான் ‘பியர் சப்போர்ட்’. தமிழில் ‘சக நோயாளி ஆதரவு’ எனலாம். அதே நோயை அனுபவித்தவர், அதே நோயில் தவிப்பவருக்குத் துணை நிற்பது.

டாக்டருக்கே டாக்டர் போதவில்லை

இதில் உலகம் அறிந்த கதை ஒன்று உண்டு. 1935, மே மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் உள்ள ஏக்ரன் நகரத்துக்குத் தொழில் விஷயமாக வருகிறார் பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வந்த காரியம் கெட்டுப்போனது. தங்கியிருந்த ஓட்டலிலேயே பார் இருக்கிறது. கால் அங்கே இழுக்கிறது.

அவர் போனை எடுத்தார். தன்னைப் போலவே குடியில் சிக்கிய ஒருவரிடம் பேச வேண்டும் என்று விசாரித்தார். கிடைத்தவர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரம் மட்டும்தான் என்று வந்தவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். குடி உடம்பை என்ன செய்யும் என்று பாப்புக்குத் தெரியாததா? ஆனால் குடிக்காமல் ஒரு ராத்திரியை எப்படிக் கடப்பது என்பதை, கடந்த ஒருவர்தானே சொல்ல முடியும்! அந்தச் சந்திப்பில் பிறந்ததுதான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’.

சும்மா பேசினால் குடி நிற்குமா என்று கேட்பவர்களுக்கு: 2020-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தகவல்களைத் தொகுத்துப் பார்த்தது. குடியை அறவே நிறுத்துவதில், இந்தக் கூட்டங்களோடு முறையாக இணைக்கும் சிகிச்சை மற்ற பல சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்திருந்தது.

இன்னொன்று. பில் அன்று போன் செய்தது பாப்பைக் காப்பாற்ற மட்டுமல்ல, தான் குடிக்காமல் இருக்கவும்தான். உதவுபவருக்கும் உதவி கிடைக்கிறது என்ற இந்த விஷயத்தை அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க் ரீஸ்மன் 1965-ல் ஒரு கொள்கையாகவே எழுதினார். பெரியம்மாவிடமும் அதைப் பார்த்தேன். புதிதாக வந்த ஒருவருக்குச் சொம்புக் கதையைச் சொல்ல ஆரம்பித்த பிறகு, அவரால் சொம்பைத் தொட முடியவில்லை. மானப் பிரச்சினை ஆகிவிட்டது!

சென்னையில் நடந்தது

இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அடுத்து வந்த வருடங்களில் நோயைவிட ஊர் வாய்க்குத்தான் பலர் பயந்தார்கள். 1998-ல் கௌசல்யா உள்ளிட்ட, தொற்றுடன் வாழும் பெண்கள் சிலர் சேர்ந்து சென்னையில் ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ அமைப்பைத் தொடங்கினார்கள். மாமியார் வீட்டில் மாத்திரையை எங்கே வைப்பது, பிள்ளையிடம் எப்போது சொல்வது... இதற்கெல்லாம் மருந்துச் சீட்டில் பதில் இருக்காது. இன்று அரசு ஏஆர்டி மையங்களில், தொற்றுடன் வாழ்பவர்களே ஒருங்கிணைப்பாளர்களாக வேலை பார்க்கிறார்கள்.

மனநலத்தில் இந்தத் தேவை இன்னும் அதிகம். கால் உடைந்தால் கட்டு தெரியும். மனச்சோர்வுக்கு என்ன தெரியும்? “சும்மா யோசிச்சுட்டே இருக்காதே”, “கோயிலுக்குப் போயிட்டு வா” என்பதுதான் வீட்டில் கிடைக்கும் பதில். “எனக்கும் இந்த மாத்திரை போட்டா பகல் முழுக்க தூக்கமா வந்துச்சு. டாக்டர்கிட்ட சொன்னேன், நேரத்தை மாத்திக் கொடுத்தாங்க” என்று ஒருவர் சொன்னால், மாத்திரையைக் குப்பையில் போட இருந்தவர் டாக்டரிடம் திரும்பிப் போவார்.

எங்கே ஆபத்து?

பெரியம்மாவின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர், “இளநீர் குடிங்க, கிட்னிக்கு நல்லது” என்று போட்டிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம். டயாலிசிஸ் நோயாளியின் உடம்பால் அதை வெளியேற்ற முடியாது. இதயத்துடிப்பே தடுமாறலாம், உயிருக்கே ஆபத்து. நல்லவேளை, குடிக்கும் முன் நர்ஸிடம் கேட்டார்.

மனநல மாத்திரையிலும் இதே கதைதான். “நான் நிறுத்திட்டேன், நல்லாத்தான் இருக்கேன்” என்று ஒருவர் சொல்வதைக் கேட்டு இன்னொருவர் திடீரென நிறுத்தினால், நோய் திரும்பி வரலாம். ‘உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது’ என்பதை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் உறுப்பினர்களுக்கே சொல்கிறது. எந்தக் குழுவுக்கும் இது பொருந்தும். அனுபவத்தைச் சொல்லலாம், மருந்து சொல்லக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் டாக்டரிடமோ வார்டு நர்ஸிடமோ, “இதே பிரச்சினை இருக்கிறவங்க யார்கிட்டயாவது பேச முடியுமா?” என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். குடிநோயாளியின் மனைவி, பிள்ளைகளுக்கு ‘அல்-அனான்’ என்று தனிக் குழு இருக்கிறது. பவுடர் விற்கும் குழு, மாத்திரையை நிறுத்தச் சொல்லும் குழு, உங்கள் பெயரையும் போட்டோவையும் வெளியே விடும் குழு என்றால் யோசிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

சக நோயாளி ஒருவர் உங்களிடம் சாவதைப் பற்றிப் பேசினால், அதை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. டெலி மானஸில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.