கிட்டங்கியில் ஒரு பெட்டியடி

மேசையை வாடகைக்கு எடுத்து, முன்பின் தெரியாத கம்பெனிக்காரர்களோடு ஒரே கூடத்தில் வேலை பார்ப்பது புது நாகரிகம் என்கிறார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டித்தொழில் செய்த நகரத்தார் இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செய்தார்கள். அந்தக் கட்டடத்துக்குப் பெயர் கிட்டங்கி.

முகப்பு குறுகலாக, உள்ளே நீண்டு போகும் கடைவீடு அது. நடுவில் நடக்க வழி விட்டு, இருபக்கச் சுவரோரமும் வரிசையாகப் பெட்டியடிகள். உட்காரப் பாய், முன்னால் தாழ்வான மரப்பெட்டி, பின்னால் ஓர் அலமாரி. ஒரு வட்டிக்கடைக்கு அவ்வளவுதான் அலுவலகம். பெட்டிக்குள் பேரேடும் பத்திரங்களும். மூடியே எழுதும் மேசை. ஊரிலிருக்கும் முதலாளிக்காக மூன்றாண்டுத் தவணையில் வந்த மேலாள் அதன்முன் சம்மணமிட்டிருப்பார். பக்கத்தில் கணக்குப் பழகும் பெட்டியடிப் பையன். சமையல் பொது. இரவில் படுக்கையும் அங்கேயே.

இடையே தடுப்பு கிடையாது. இது வெறும் சிக்கனம் என்று எனக்குத் தோன்றவில்லை. கடன் கேட்டு வருபவர் யார், நேற்று எந்தப் பெட்டியடியில் நின்றார் என்பது கூடத்துக்கே தெரிந்துவிடும். இன்று கடன் தகவல் நிறுவனம் பார்க்கும் வேலையை அன்று கூடத்தின் அமைப்பே பார்த்துக்கொண்டது. கடன் வாங்க வந்தவரின் கூச்சத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்!

1970களில் வேகம் பிடித்த நகரச் சீரமைப்பில் அந்தக் கிட்டங்கிகள் போயின. கடைவீட்டின் அமைப்பைப் பார்க்க இன்று தேக்காவுக்குப் போகலாம். தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்புப் பகுதியானதால் அங்கே கடைவீடுகள் வரிசை கலையாமல் நிற்கின்றன. இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவர், சன்னலுக்கு இடமில்லை. அதனால் நடுவில் வானம் பார்த்த முற்றம். சூடான காற்று அதன்வழி மேலேற, தெருக்காற்று உள்ளே வரும். வாசலில் அஞ்சடி எனப்படும் நடைவழி. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் மக்கள் நடப்பதற்காகக் கேட்ட இடம் அது. பூக்கட்டுபவரும் கிளி ஜோசியரும் அதையே தொழிலிடமாக்கிக்கொண்டார்கள்.

நகரத்தார் இருந்த அதே மார்க்கெட் ஸ்திரீட்டில் இன்று, 88ஆம் எண்ணில், 280 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது 2021இல் கட்டி முடித்த கேபிட்டாஸ்பிரிங். 17ஆம் மாடியிலிருந்து 20 வரை சுவரைத் திறந்துவிட்டு, சுற்றிச் சுற்றி ஏறும் தோட்டம் வைத்திருக்கிறார்கள். மடிக்கணினியோடு உட்கார இருக்கைகளும் உண்டு. கடைவீட்டு முற்றத்தைத் தூக்கி ஆகாயத்தில் வைத்த மாதிரி. சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டி நெறிகளின்படி, நெகிழ்வான வேலைமுறை கேட்டு முறையாக விண்ணப்பிக்கும் ஊழியருக்கு முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே வேலை முடிகிறபோது, ஆளைத் தோட்டம் காட்டித்தான் அலுவலகத்துக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.