உண்டியலா? பத்திரமா?

தேர்தல் நடத்தப் பணம் வேண்டும்! சுவரொட்டி சும்மா வராது. மேடை தானாக முளைக்காது. ஒலிபெருக்கிக்காரர் கொள்கைக்காக என்று வாடகையை விட்டுவிட மாட்டார். பணம் தேவை என்பதை மறுப்பார் இல்லை. யாருடைய பணம் என்பதுதான் கேள்வி!

ஆயிரம் பேர் ஆளுக்கொரு ரூபாய் போட்டாலும் ஆயிரம். ஒருவரே எடுத்து நீட்டினாலும் ஆயிரம். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒன்று. அரசியலில் இரண்டும் ஒன்றா? இல்லை தோழர்களே, இல்லை! ஆயிரம் பேர் கொடுத்தால் கட்சிக்கு ஆயிரம் சொந்தக்காரர்கள். ஒருவரே கொடுத்தால் கட்சிக்கு ஓர் எசமானர்!

1967 பொதுத் தேர்தலுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வேண்டும் என்றார் அண்ணா. திரட்டும் பொறுப்பைத் தோளில் ஏற்றவர் கலைஞர். பத்து இலட்சம் என்பது அன்று மலைக்க வைத்த தொகை! ஊர் ஊராகக் கூட்டம், கூட்டந்தோறும் வசூல். துண்டு ஏந்தினார்கள், உண்டியல் குலுக்கினார்கள். பத்து கேட்ட இடத்தில் பதினொன்று சேர்ந்தது! 1966-ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் விருகம்பாக்கத்தில் கூடிய மாநாட்டில் வேட்பாளர் பட்டியலைப் படித்த அண்ணா, சைதாப்பேட்டைக்கு ஆளின் பெயரைச் சொல்லவில்லை. பதினொரு இலட்சம் என்ற தொகையையே பெயராகச் சொன்னார்! பந்தல் புரிந்து கொண்டது.

எதிரே நின்றது யார்? இருபது ஆண்டு ஆண்ட காங்கிரசு. கம்பெனிகளின் நன்கொடையில் பெரும்பகுதி அன்று ஆளுங்கட்சியின் வாசலைத் தேடித்தான் ஓடியது. ஆனால் நடந்தது என்ன? விருதுநகரில் காமராசர் தோற்றார். நம் கொங்கு மண்ணிலே, கோபிச்செட்டிப்பாளையத்திலே, மத்திய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் தோற்றார். உண்டியலில் காசு போட்டவன் சும்மா இருப்பானா? காசு போட்ட கையே சுவரில் சூரியனை எழுதியது. அதே கை வாக்கும் போட்டது! கோடீசுவரரின் காசோலை வாக்குச்சாவடிக்கு நடந்து வராது. கூலிக்காரரின் நாலணா நடந்து வரும்!

பெரும்பணத்தின் ஆபத்தை நாம் மட்டுமா சொன்னோம்? கட்சிகளுக்கு நிதி வழங்க வழி கேட்டு டாடா இரும்புக் கம்பெனி பம்பாய் உயர்நீதிமன்றத்தின் படியேறியது. 1957-இல் தீர்ப்பளித்த தலைமை நீதிபதி சாக்ளா, சட்டப்படி அனுமதி தந்தார். ஆனால் இந்தப் பழக்கம் சனநாயகத்தின் கழுத்தையே நெரித்துவிடக் கூடும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே தந்தார். 1969-இல் கம்பெனி நன்கொடைக்குத் தடை வந்தது. முன்வாசல் மூடியது; கொள்ளைப்புறம் திறந்தது! கறுப்புப் பணம் பெட்டி பெட்டியாக வந்தது. 1985-இல் முன்வாசலும் மீண்டும் திறந்தது.

பிறகு வந்தது பாரதீய சனதா அரசின் புதுமை! 2017-இல் சட்டத்தை மாற்றினார்கள். கம்பெனி தன் மூன்றாண்டு சராசரி இலாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கலாகாது என்றிருந்த வரம்பை எடுத்தெறிந்தார்கள். 2018-இல் தேர்தல் பத்திரம் கொண்டு வந்தார்கள். வாங்குபவர் பெயர் வங்கிக்குத் தெரியும், வாக்காளருக்குத் தெரியாது! ஆயிரம் ரூபாய்க்கும் பத்திரம் உண்டு, ஏழையும் வாங்கலாம் என்றார்கள். வாங்கியது யார்? விற்ற தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள்! 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் அந்தத் திட்டத்தை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தள்ளியது. மார்ச்சில் பட்டியல் வெளிவந்தது. 2019 ஏப்ரல் முதல் உள்ள கணக்கில் பா.ச.க. மட்டும் பெற்றது ஆறாயிரம் கோடிக்கு மேல்!

அந்தப் பட்டியலில் முதலிடம் யாருக்கு? தோழர்களே, அந்த முகவரி டெல்லியில் இல்லை, பம்பாயில் இல்லை. நம் கோவையில்தான் இருக்கிறது! ஃப்யூச்சர் கேமிங் என்னும் லாட்டரிக் கம்பெனி, 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது. மேற்கு வங்கத்துத் திரிணாமூல் காங்கிரசுக்கு 542 கோடி, பா.ச.க.வுக்கு 100 கோடி. நம் கழகத்துக்கு? 509 கோடி!

சங்கடமாக இருக்கிறதா? இருக்கட்டும்! கழகம் கொடுத்தவர் பெயரை மறைக்கவில்லை, பெற்ற 656.5 கோடியில் 509 கோடி இன்னாரிடமிருந்து என்று தேர்தல் ஆணையத்திடம் எழுதிக் கொடுத்தது. பா.ச.க.வும் காங்கிரசும் அப்படிப் பெயர் சொல்லவில்லை. இது பெருமைதான். ஆனால் பெயர் சொன்னதோடு கேள்வி தீர்ந்துவிடுமா? தேநீர்க் கடையில் எதிர்க்கட்சிக்காரன் கேட்கிறான்: "பதினொரு இலட்சத்தைப் பத்தி மேடை மேடையாப் பேசறீங்களே, ஐநூத்தி ஒன்பது கோடியப் பத்தியும் பேசுங்களேன்!" நாம் முகத்தைத் திருப்பிக் கொண்டால் போதுமா? பதில் வேண்டாமா?

ஒன்றை எண்ணிப் பாருங்கள். லாட்டரிப் பணம் யாருடைய பணம்? தமிழ்நாட்டில் 2003-லேயே அதற்குத் தடை. விற்பனை வெளிமாநிலங்களில். அங்கே சீட்டு வாங்குபவர் யார்? நாளைக்காவது விடியாதா என்று ஏங்கி, கூலியில் கிள்ளிக் கொடுக்கும் ஏழை! அவன் தந்ததும் சிறுகாசுதான். உண்டியலில் விழுந்ததும் சிறுகாசுதான். ஆனால் உண்டியலில் விழுந்தபோது அது போட்டவனின் பெயரில் நின்றது. சீட்டு வழியாகப் போனபோது ஒரே கையில் திரண்டு, கம்பெனியின் பெயரில் வந்தது. காசு ஏழையுடையது, கைம்மாறு கேட்கும் உரிமை மட்டும் வேறொருவருடையது! இதுதான் பெருநன்கொடையின் சூட்சுமம்.

அமெரிக்காவைப் பாருங்கள். 2016-இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராக முனைந்த பெர்னி சாண்டர்சு, தனக்கு வரும் நன்கொடை சராசரி 27 டாலர் என்று மேடைதோறும் முழங்கினார். வேட்பாளராக அவர் தேர்வாகவில்லை, உண்மை. ஆனால் அவரை அழைத்துக் கட்டளையிட ஒரு கோடீசுவரருக்கும் துணிவில்லை! 2024-இலோ எலான் மசுக்கு என்னும் ஒரே செல்வர் 25 கோடி டாலருக்கு மேல் திரம்ப்பின் பக்கம் கொட்டினார். மறு ஆண்டில் அரசு அலுவலகங்களில் ஆட்குறைப்பு நடந்தபோது அதன் முகமாக முன்னே நின்றவரும் அவரே! பணம் முன்னே போயிற்று. ஆள் பின்னே போனார்!

சிறுகாசால் இக்காலத்தில் கட்சி நடத்த முடியுமா என்கிறார்கள். கணக்குப் போடுவோம். 2021 சட்டமன்றத் தேர்தலில் கழகத்துக்கு விழுந்த வாக்கு ஏறத்தாழ 1 கோடியே 74 இலட்சம். அவர்களில் ஒரு கோடிப் பேர் மாதம் 11 ரூபாய், ஒரு தேநீர்க் காசு, கொடுத்தால் மாதம் 11 கோடி. ஆண்டுக்கு 132 கோடி. நான்கு ஆண்டில் 528 கோடி! லாட்டரிக் கம்பெனி தந்ததைவிட 19 கோடி அதிகம்! காசு இல்லாமல் இல்லை. கேட்கப் போகும் கால்கள்தாம் வேண்டும்.

சிங்காநல்லூரில் மில் மூடிக் கிடக்கிறதா? சோமனூரில் தறிக்குக் கூலி உயரவில்லையா? கணபதிப் பட்டறைக்கு வேலை வரவில்லையா? பத்து ரூபாய் கேட்டுப் போனால் இத்தனையும் காதில் விழும். "எங்க காசு வேணும், எங்க கஷ்டம் வேண்டாமா?" என்று கேட்பான். கேட்கட்டும்! அந்தக் கேள்விதான் கட்சியின் உயிர். பெருநன்கொடை காசை மட்டும் தரும். சிறுநன்கொடை காசோடு குறையையும் தரும்!

ஆர்.எஸ்.புரத்து உழவர் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். 1999-இல் கலைஞர் அத்திட்டத்தைத் தொடங்கியது எதற்காக? விளைவித்தவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே தரகர் வேண்டாம் என்பதற்காக! கத்தரிக்காய்க்கு வேண்டாத தரகர், கட்சிக்கு மட்டும் எதற்கு?

ஆகவே, கிளைக் கழகந்தோறும் உண்டியல் எழட்டும். பத்து ரூபாய்க்கும் இரசீது கிழியட்டும். இருபதாயிரத்துக்கு மேல் தந்தவர் பெயரைச் சொன்னால் போதும் என்கிறது சட்டம். பத்து ரூபாய் தந்தவர் பெயரையும் படிப்பகத்துப் பலகையில் எழுதுவோம். அந்தப் பலகை நீள நீள, பத்திரக்காரரின் நிழல் குறுகும்.

அன்று பதினொரு இலட்சம் கோட்டையைப் பிடித்துத் தந்தது. இன்று பதினொரு ரூபாய் கட்சியைக் காத்துத் தரும். துண்டை விரிப்போம், தோழர்களே!