அன்னதான அறமும் மடைப்பள்ளித் தூய்மையும்

தானங்கள் பலவற்றுள்ளும் அன்னதானமே தலையாயது என்பது ஆன்றோர் துணிபு. பொன்னும் பொருளும் எத்துணை வழங்கினும் பெறுவோர் மனம் நிறைவதில்லை. வயிறார உண்டவரே ‘போதும்’ என்று மகிழ்ந்து எழுவர். அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்த மணிமேகலையின் வரலாறும், 1867ஆம் ஆண்டு வடலூரில் வள்ளற்பெருமான் நிறுவிய சத்திய தருமச்சாலையும் இவ்வறத்தின் பெருமையைப் பறைசாற்றுவன.

அவ்வழியிலே தமிழகத் திருக்கோயில்களில் 2002ஆம் ஆண்டு அன்னதானத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2012ஆம் ஆண்டு பழனியிலும் திருவரங்கத்திலும் நாள் முழுவதும் அன்னம் பாலிக்கும் முறை ஏற்பட்டது. கொங்கு நாட்டில் மருதமலை, பேரூர், ஆனைமலை முதலிய தலங்களிலும் நாடிவரும் அடியவர்க்கு அன்னம் வழங்கப்பெறுகிறது.

கடையில் உணவு வாங்குவோர் முகர்ந்து பார்ப்பர். ஐயம் தோன்றின் திருப்பித் தருவர். பிரசாதம் பெறும் அடியவரோ அதனைக் கண்களில் ஒற்றிக்கொண்டு உண்பர். சிறிது ஐயுற்றாலும் ‘வேண்டா’ என்று சொல்ல அவர்தம் நா எழாது. மடியில் இருக்கும் மழலைக்கு ஊட்டுவர். நோயுற்று இல்லத்தில் கிடக்கும் முதியவர்க்கும் எடுத்துச் செல்வர். இவ்வாறு ஆராயாது உண்பவர்க்காக ஆராய வேண்டிய கடமை, சமைப்பவரையும் பரிமாறுபவரையுமே சாரும்.

முன்னோர் வகுத்த நெறி

இக்கடமையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். பரிசாரகர் நீராடித் தூய ஆடை உடுத்தே மடைப்பள்ளியுள் புகுதல் வேண்டும். நைவேத்தியத்தைச் சுவை பார்த்தல் ஆகாது. உணவின்மேல் எச்சில் தெறிக்குமாறு பேசுதலும் ஆகாது என்றனர். புளியும் தயிரும் சேரும் பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறாதபடி வெள்ளீயம் பூசி வைத்தனர்.

பழனியாண்டவர் பஞ்சாமிர்தம் இந்நுண்ணறிவிற்குத் தக்க சான்றாகும். மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் ஆகியன சேரும் அதில் ஒரு சொட்டு நீரும் கலப்பதில்லை. சர்க்கரையும் தேனும் பழத்தின் ஈரத்தைத் தம்பால் ஈர்த்துக்கொள்வதால் கிருமிகள் பெருக இடமின்றிப் போகிறது. ஆகவே மருந்துப்பொருள் எதுவும் சேர்க்காமலே அது பல நாள் கெடாது நிற்கிறது. 2019ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கண்ணுக்குப் புலனாகாத பகை

எனினும் ஆசாரத் தூய்மை ஒன்றே போதும் என்று அமைதல் கூடாது. நீராடி மடி உடுத்தவர் கையிலும் ஆறாத வெட்டுக்காயம் இருத்தல் கூடும். அக்காயத்திலுள்ள கிருமி உணவில் நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மீண்டும் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை.

சோற்றின் இயல்பும் அறியத்தக்கது. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் உலைநீர் கொதிக்கும்போதும் மாய்வதில்லை. வடித்த சோறு அண்டாவில் வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியும் வயிற்றுப்போக்கும் விளைக்கும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பமே கிருமிகள் பெருகும் நிலை. ஆதலின் சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்துப் பரிமாறுக என்றும், இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைக்கற்க என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. கை கழுவுதல், பச்சைப் பொருளையும் சமைத்ததையும் வேறாக வைத்தல், நன்கு வேகவைத்தல், தூய நீரைப் பயன்படுத்துதல் என்பனவும் அந்நிறுவனம் கூறும் நெறிகளே.

சட்டமும் பயிற்சியும்

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஊதியம் கருதினும் கருதாவிடினும், உணவு தயாரித்து வழங்கும் அனைவரையும் அது கட்டுப்படுத்தும், அன்னதானமும் விலக்கன்று. சமையற்பணியாளர் ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளுதலும், குடற்காய்ச்சல் போன்றவற்றிற்குத் தடுப்பூசி இட்டுக்கொள்ளுதலும் விதிகளாம். உரிமம் பெற்ற உணவுக்கூடங்களில் 25 பணியாளர்க்கு ஒருவரேனும் பயிற்சிச் சான்று பெற்ற மேற்பார்வையாளராக இருத்தல் வேண்டும்.

வழிபாட்டுத் தலங்களுக்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ‘போக்’ என்னும் திட்டத்தை வகுத்துள்ளது. இதன்படி மடைப்பள்ளியினர்க்குப் பயிற்சி தந்து, சமையற்கூடத்தைத் தணிக்கை செய்து, குறை களைந்தபின் சான்று வழங்குவர். பல்லாண்டு பட்டறிவுடைய பரிசாரகர்க்கு இப்பயிற்சி இழுக்கன்று. அவர் கைத்திறனுக்கு அரணாகும்.

வயிற்றை நிறைப்பதோடு உடலையும் ஓம்புவதே நல்லுணவு. சோற்றில் குறைந்துள்ள புரதக்கூற்றைப் பருப்பு நிறைவு செய்கிறது. ஆதலின் சாம்பாரில் பருப்பைக் குறைத்து நீரைப் பெருக்குதல் அறமாகாது. காய்கறிகளையும் கீரையையும் கழுவியபின் அரிதலே முறை.

அன்பர் கடமை

தைப்பூசத்தின்போது கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பகுதிகளிலிருந்து காவடி சுமந்து பழனிக்கு நடைபயணம் செல்லும் அடியவர்க்கு வழிநெடுகிலும் அன்னம் வழங்குதல் கொங்கு மக்களின் பெருங்குணம். விடியலில் பொட்டலம் கட்டிய சோற்றை நண்பகல் வெயில் வரை வைத்திருந்து கொடுப்பின், களைத்து நடப்பவர் வழியிலே நோயுறுவர். சிறிது சிறிதாகச் சமைத்துச் சூடாகப் பரிமாறுதலே நன்று. அன்னதானம் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுதலும் வேண்டும்.

பிரசாதம் பெறும் அன்பர்களும் பொங்கல், தயிரன்னம் முதலியவற்றை உரிய பொழுதிலேயே பகிர்ந்து உண்க. எறிதல் பாவமென்று கருதி மறுநாள் புளித்து நாறியதை உண்ணற்க, குழந்தைகட்கும் கொடுக்கற்க. கெட்ட அன்னத்தை மண்ணில் புதைத்து மரத்திற்கு எருவாக்குதல் அவமதிப்பு ஆகாது.

பசித்தவர்க்கு இடும் சோறு அவர் உடலில் உறையும் இறைவனுக்கு இடும் சோறேயாம். மடைப்பள்ளியில் ஒருவர் வழலை இட்டுக் கை கழுவும் அச்சிறு செயலும் பூசையின் ஓர் உறுப்பே. தூய அன்னம் வழங்கியும், பெற்றதை முறையே உண்டும், எல்லாரும் நோயற்ற வாழ்வும் இறையருளும் பெறுவோமாக.