அழிப்பதற்கென்று ஒரு பாலம்

முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, களரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மதுரை வந்ததென்று கோவலன் பாடிவிட்டால் அது மதுரைதான். மாடமெங்கே, கோபுரமெங்கே என்று கேட்பாரில்லை. சினிமாக் கமராவுக்கு அத்தகைய தாராள மனம் கிடையாது. எதிரே நிற்பதை மாத்திரமே நம்பும் அதன் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கென்றே ஏற்பட்ட உத்தியோகம் கலை இயக்குநருடையது: கதையில் வரும் வீட்டையும் வீதியையும் முதலில் சித்திரமாகத் தீட்டி, பின்னர் தச்சரையும் தீந்தை பூசுவோரையும் கொண்டு தத்ரூபமாக நிர்மாணித்துத் தருவது.

இத்தொழிலின் விசித்திரத்தை அறியக் கடல் கடக்க வேண்டியதில்லை. கித்துல்கலை வரை போனாற் போதும். 1957இல் வெளிவந்த டேவிட் லீனின் குவாய் நதிப் பாலப் படத்துக்காக, தாய்லாந்துக் காட்டில் யுத்தக் கைதிகள் கட்டியதாகக் கதை கூறும் பாலத்தைக் களனி கங்கைக்குக் குறுக்கே எழுப்பும் பொறுப்பு டொனால்ட் ஆஷ்டன் என்ற ஆங்கிலேயக் கலை இயக்குநருக்கு வாய்த்தது. மெய்யான புகையிரதமே அதன்மீது ஓடவேண்டியிருந்தமையால் மட்டையும் சாயமும் அங்கே உதவவில்லை. ஷெஃபீல்ட் நகரத்து ஹஸ்பண்ட் கம்பெனிப் பொறியியலாளர் துணைநிற்க, யானைகள் மரம் இழுக்க, ஏறக்குறைய 425 அடி நீளத்தில் அது எழுந்தது. பாரத்தைத் தாங்கவும் வேண்டும், கைதிகளின் கைவேலையென்று தோன்றவும் வேண்டும், குறித்த கணத்தில் அழகாக முறியவும் வேண்டும்! பாலையும் முதிரையும் அறுத்துப் பழகிய எங்கள் தச்சரிடம் இப்படியொரு வேலையைச் சொன்னால், முற்பணத்தை முதலில் கேட்டிருப்பார்கள்.

மார்ச் மாதத்தில் தகர்க்க நாள் குறித்தபோது, படப்பிடிப்பாளர் ஒருவர் உரிய நேரத்தில் விலகாமையால் வெடி வைக்கப்படவில்லை. புகையிரதமோ நில்லாமற் பாலத்தைக் கடந்து அக்கரையில் மோதிக்கொண்டது. மறுநாள், பிரதமர் பண்டாரநாயக்க பார்த்திருக்க, மாதக்கணக்கான உழைப்பு சில விநாடிகளில் ஆற்றில் வீழ்ந்தது. அத்திவாரக் கொங்கிறீற்று இன்றும் அங்கே கிடக்கிறது. அதே ஆஷ்டன், 1963இல் திறந்த ஹொங்கொங் மண்டரின் ஹோட்டலின் உள்ளலங்காரத்தையும் வகுத்தார். அதில் மனிதர் மெய்யாகவே உறங்கினர்.

நமது மாங்குளமும் சினிமாவில் ஒருமுறை இடம்பெயர்ந்ததுண்டு. மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002 பெப்ரவரி 14இல் வெளிவந்தது. யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகியதோ 22ஆந் திகதி. ஆகவே வன்னியில் கமரா வைப்பதைக் கனவிலும் எண்ணமுடியாத காலத்தில், கலை இயக்குநர் சாபு சிரில் இந்திய மண்ணிலேயே அவ்வூரைச் சமைக்க நேர்ந்தது. மற்றையோர் அக்காட்சிகளில் கதையைப் பார்ப்பார்கள்; மாங்குளத்தான், பின்னால் நிற்கும் மரம் பாலைதானா என்று பார்ப்பான்.