மலை ஏறுறது ஈஸி... இறங்குறதுதான் வேலை! குற்றாலம் கிளம்பும் வில்லியனூர், பாகூர்க்காரர்கள் கவனத்துக்கு

'உங்க ஊர்லயே உயரமான இடம் எது?' என்று வில்லியனூரிலோ பாகூரிலோ கேட்டுப் பாருங்கள். ஒருத்தர் திருக்காமீஸ்வரர் கோயில் கோபுரத்தைக் காட்டுவார். இன்னொருத்தர் ஏரிக்கரையைக் காட்டுவார். அவ்வளவுதான் நம்ம மேடு!

அதற்காக நடையில் நாம சளைச்சவங்க இல்லை. விடியற்காலையில் ஊசுட்டேரிப் பக்கமோ பாகூர் ஏரிக்கரையிலோ 5 கி.மீ. நடந்துவிட்டு டீ குடிக்கிற ஆட்கள் நிறைய பேர் உண்டு. அந்த நம்பிக்கையில்தான், 'குற்றாலம் போறோம், அப்படியே செண்பகாதேவி வரைக்கும் ஏறிட்டு வந்துடலாம்' என்று கிளம்புகிறோம். மறுநாள் காலை லாட்ஜ் படிக்கட்டில் சுவரைப் பிடித்தபடி நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கும்போதுதான் விஷயம் புரியும்.

குற்றாலம் மெயின் அருவிக்கு மேலே, சிற்றாறு இறங்கி வரும் காட்டுக்குள் இருக்கிறது செண்பகாதேவி அருவி. பக்கத்திலேயே அம்மன் கோயில். தூரத்தைக் கேட்டால், 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால் பாதை முழுக்கப் பாறையும் வேரும் ஏற்றமும்தான். ஏறிவிட்டு அதே வழியில் இறங்கினால், நேராகக் குற்றாலம் கடைவீதி.

குற்றாலத்துக்கு 'தென்னாட்டின் ஸ்பா' என்றொரு பழைய பெயர் உண்டு. ஸ்பா என்பது பெல்ஜியத்தில் ஊற்று நீருக்குப் பெயர் போன ஓர் ஊர். அந்த ஊரின் பெயர்தான் அப்புறம் உலகத்தில் இருக்கிற எல்லாக் குளியல் ஊர்களுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. வெயில் தாங்காத வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கே பங்களா கட்டித் தங்கினார்கள். ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் பயிரிட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கு ரொம்ப முன்னாலிருந்தே நம் ஆட்கள் குற்றாலநாதரைக் கும்பிட்டு அருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ரசிகமணி டி.கே.சி. இங்கேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டார். ராஜாஜி, கல்கி எல்லாம் அவரைத் தேடி வந்தார்கள்.

சரி, கால் வலிக்கு வருவோம். ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். அதனால் ஏற்றம்தான் கஷ்டம் என்று நினைக்கிறோம். இறங்கும்போது மூச்சு வாங்காது. ஜாலியாகப் பேசிக்கொண்டே இறங்குவோம். ஆனால் தொடையின் முன்பக்கத் தசைக்கு அப்போதுதான் உண்மையான வேலை.

தலையில் இருக்கும் நெல் மூட்டையைத் தொப்பென்று போடாமல் மெல்ல இறக்கி வைத்துப் பாருங்கள். கையில் ஒரு பிடி பிடிக்குமே, அதே கதைதான். இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் மொத்த உடம்பையும் தொடைத் தசை அப்படித்தான் இறக்கி வைக்கிறது. தசை சுருங்கி வேலை செய்தால் பரவாயில்லை; பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும்போது அதன் நுண்ணிய இழைகளில் சின்னச் சின்னச் சேதம் ஏற்படுகிறது. அந்த வலி உடனே தெரியாது. ஒருநாள் கழித்துத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் படுத்தும். சமதரையில் எத்தனை கி.மீ. நடந்தாலும் தசைக்கு இந்தப் பயிற்சி கிடைக்காது. ஏரிக்கரை நடை நம்மைக் கைவிடுவது இங்கேதான்.

வலி மட்டும் என்றால் தைலம் தேய்த்துச் சமாளிக்கலாம். களைத்த தொடை பிரேக் பிடிக்காது; முட்டி மடங்கும், கால் வழுக்கும். ஈரப் பாறையில் அது விளையாட்டு இல்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. ஒரே ஒருமுறை நன்றாக இறங்கி வலி வாங்கிவிட்டால், தசை அதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அடுத்த சில வாரங்களுக்கு அதே மாதிரி இறக்கத்தில் வலி கணிசமாகக் குறையும். அதனால் குற்றாலத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஓர் ஒத்திகை போடுங்கள். நமக்கென்றே இருக்கிறது செஞ்சி! புதுச்சேரியிலிருந்து சுமார் 70 கி.மீ. 1750-ல் பிரெஞ்சுப் படை பிடித்த கோட்டை என்பதால் நமக்குப் பழைய உறவும் உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ராஜகிரி உயரம் ஏறத்தாழ 800 அடி. படி உண்டு, காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பாறை சுடும். நான் முதல்முறை ஏறி இறங்கிவிட்டு, இரண்டு நாள் ஆபீஸ் மாடிப்படியைப் பார்த்தாலே முறைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

செஞ்சி வரை போக முடியாதவர்கள் ஏரிக்கரையின் மேல் நீளமாக நடக்காமல், கரைச் சரிவில் ஏறி இறங்குங்கள். மாடிப்படியும் போதும். இறங்கும்போது அவசரம் வேண்டாம்.

மலையில் இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக வையுங்கள். முட்டியை விறைப்பாக நீட்டாமல் லேசாக மடக்கியே வைத்திருங்கள். கையில் ஒரு கம்பு இருந்தால் முட்டியின் பாரம் குறையும். ஷூ நாடாவை இறங்குவதற்கு முன் இறுக்கிக் கட்டுங்கள். நகத்தை முதல்நாளே வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கட்டைவிரல் முனையில் இடித்து நகம் கறுத்துவிடும். ஏற்கெனவே முட்டித் தேய்மானம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

நினைத்த நாளில் செண்பகாதேவிக்குப் போய்விட முடியாது. காடு வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபிறகு மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் தென்காசி மாவட்டப் பாதைகளும் இருக்கின்றன. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். 'தேனருவி வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்ணே' என்று யாராவது கூப்பிட்டால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இறங்கி வந்ததும் அருவி. குளிர்ந்த நீர் தசை வலியை ஓரளவு குறைக்கிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள். அப்போது போலீஸாரிடம் வாதாடாதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவனை அடித்துப் போனது. மழை நாம் நிற்கிற இடத்தில் பெய்ய வேண்டும் என்றில்லை, மேலே காட்டில் பெய்தாலே போதும்.

போகிற வழி ரொம்பச் சுலபம். வில்லியனூரில் ரயில் நிலையமே இருக்கிறது, பாகூர்க்காரர்களுக்கு பஸ். எப்படியாவது விழுப்புரம் போய், இரவில் பொதிகை எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் பக்கம்தான். மறுநாளும் கால் வலித்தால் சித்திர சபைக்குப் போய்ச் சுவர் ஓவியங்களைப் பாருங்கள். அதற்கு மலை ஏற வேண்டாம்!